நரியைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுகிறவர்கள் நீங்கள். உங்கள் முன்னால் நான் பேச வந்திருப்பது, எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் கையில் இருப்பது 'ரோசிஸ் வாக்' (ரோசியின் உலா) என்ற படக்கதைப் புத்தகம். இங்கிலாந்துக்காரரான பாட் ஹட்சின்ஸ் எழுதி, படமும் வரைந்து, 1968இல் வெளிவந்தது. 32 பக்கம். கதை மொத்தமும் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் எண்ணினால் 32 சொல். ரோசி என்ற கோழி உலாவப் போகிறது. முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு அரைக்கும் ஆலை, வேலி, தேனீப் பெட்டி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எழுத்தில் ஒன்றும் இல்லை. படத்தில் அதன் பின்னாலேயே ஒரு நரி வருகிறது. அந்த 32 சொல்லுக்குள் 'நரி' என்ற சொல்லே கிடையாது.

முற்றத்துப் பக்கத்தைப் பாருங்கள். கோழி முன்னால் நடக்கிறது. நரி பாய்ந்துவிட்டது, கால் தரையில் இல்லை. அது இறங்கப்போகிற இடத்தில் பல் மேலே தெரிய, சருகு வாரும் ஒரு வாரி கிடக்கிறது. வாரியின் பல்லை மிதித்தால் காம்பு என்ன செய்யும் என்று களத்தில் விளையாடிய பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? பக்கத்தைப் புரட்டினால் ஒரு எழுத்துகூட இல்லை. காம்பு எழும்பி நரியின் மூஞ்சியில் ஒரு அறை. அப்புறம் குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீ துரத்துகிறது. ரோசி பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எழுத்துக்கூட்டவே திணறுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை! புத்தகத்தை வாசிக்கிறவருக்கு நரி வருவது தெரியாது, கேட்கிறவனுக்குத் தெரியும்.

நான் முதல்முறை வாசித்தபோது கெடுத்துவிட்டேன். "பின்னாடி யாரு வர்றா, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டேன். "நரி சார்" என்று எல்லோரும் ஒரே ராகத்தில் பதில் சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வகுப்பில், பக்கத்தின் முனையைக் கட்டைவிரலில் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடையில் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தேன். குளம் வருவதற்குள் கடைசி வரிசைப் பையன் எழுந்து "சார், பின்னாடி!" என்று கத்தினான். நான் அப்பாவியாக என் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதன்பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை.

குறைந்த சொல்லில் எழுதியதற்கு அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸையும் சொல்வார்கள். ஐம்பதே சொல்லை வைத்து எழுதுவதாகப் பதிப்பாளரோடு ஐம்பது டாலர் பந்தயம் கட்டி, 1960இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தவர். ஆனால் அவருடைய சிரிப்பு எதுகையில் இருக்கிறது. தமிழுக்குக் கொண்டுவரும்போது பாதி வழியில் இறங்கிவிடும்.

ரோசிக்கு அந்தத் தொல்லை இல்லை. சொல்லப்போனால் நம் மொழியில் ஒரு வசதி கூடுதல். ஆங்கிலத்தில் 'போனாள்' என்ற வினை முதலிலேயே வந்து முடிந்துவிடுகிறது. நமக்கோ முற்றம் கடந்து, குளம் சுற்றி, போர் ஏறி, ஆலை தாண்டி, வேலி நுழைந்து என்று பக்கத்துக்கு ஒரு வினையெச்சம். கோழி வீடு சேர்ந்தால்தான் வினைமுற்று. அதுவரை வாக்கியமும் நரியைப் போலவே அந்தரத்தில்!

ரோசிக்கு நரி வந்தது தெரியுமா, தெரியாதா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு இரண்டாம் வகுப்புச் சிறுமி என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள்: "தெரியும் சார். தெரியலைன்னா வேலிக்குள்ள பூந்து, தேனீப் பெட்டிக்கு அடியில எதுக்குப் போகணும்? நல்ல ரோட்டுலயே போயிருக்கலாம்ல?"