டேலி ஓடும் சின்ன ஆபீஸ்: வைரஸுக்கு முன்னால் பேக்கப்பைக் கழற்றி வையுங்கள்

வணக்கம். நான்கைந்து கம்ப்யூட்டர் மட்டும் இருக்கிற சின்ன ஆபீஸ்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட், சிவகாசி பிரஸ், மருந்து மொத்த வியாபாரம் என்று எங்கே போனாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மூலையில் கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும், அதைத்தான் சர்வர் என்பார்கள். அதில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர். மற்ற கம்ப்யூட்டர்களில் அது இசட் டிரைவாகத் தெரியும். சர்வரின் பின்பக்கம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் எப்போதும் செருகியே கிடக்கும். அதுதான் பேக்கப்.

எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?" அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். எனக்குக் கவலையெல்லாம் அந்த ஹார்டு டிஸ்க் மேல்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பில் போடுகிற பெண்ணுக்கு "ஜிஎஸ்டி நோட்டீஸ்" என்று ஒரு மெயில் வருகிறது. அட்டாச்மென்ட்டைத் திறக்கிறார், ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், ஓட ஆரம்பிக்கிறது. அவருடைய லாகினுக்கு எந்த ஃபைலையெல்லாம் மாற்ற அனுமதி இருக்கிறதோ, அதையெல்லாம் அது பூட்டிவிடும். இசட் டிரைவும் அதில் சேர்ந்ததுதான். மற்ற ஃபோல்டர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்துத் தப்பிக்கலாம். டிசைன், ஸ்கேன் செய்த பில், ரேட் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் கட்டாயம் அப்படிச் செய்யுங்கள். ஆனால் ஃபோல்டரை ஷேர் செய்து டேலி ஓட்டும்போது, என்ட்ரி போடுகிறவருக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி கொடுத்தே ஆகவேண்டும். அங்கே அனுமதியை வைத்து ரான்சம்வேரைத் தடுக்க முடியாது. பேக்கப் டிஸ்க்கும் ஷேரில் இருந்தாலோ, சர்வரிலேயே ரான்சம்வேர் ஓடினாலோ, பேக்கப்பும் சேர்ந்தே போகும். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளையும் பல ரான்சம்வேர்கள் முதல் வேலையாக அழித்துவிடுகின்றன.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தாக்குதல் நடந்தது. உக்ரைனில் பலரும் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகத்தான் அது புகுந்தது. உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க் முடங்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. யார் எந்த லாகினில் நுழையலாம் என்று முடிவு செய்யும் முக்கியமான சர்வர்களை மெர்ஸ்க் பல ஊர்களில் வைத்திருந்தது. அவை ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தும் எல்லாம் அழிந்தன. மிஞ்சியது கானாவில் இருந்த ஒன்று மட்டும். அந்த நேரம் அங்கே கரண்ட் கட், அதனால் அது நெட்வொர்க்கிலேயே இல்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் மீண்டு எழுந்தார்கள். அத்தனை பெரிய கம்பெனியையே காப்பாற்றியது கழன்று கிடந்த ஒரு பிரதி. நம் ஆபீஸில் அதற்கு ஆகும் செலவு இரண்டு ஹார்டு டிஸ்க்.

இரண்டு என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி ஒன்று. மற்ற நாட்களில் இன்னொன்று. பேக்கப் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், ஒன்று முதலாளி வீட்டுக்குப் போய்விட வேண்டும். கூகுள் டிரைவில் ஏறுகிறதே போதாதா என்று கேட்கலாம். பூட்டப்பட்ட ஃபைலும் அதே வழியில் மேலே ஏறிவிடும். பழைய வெர்ஷனை எடுக்க வழி உண்டுதான், ஆனால் குறிப்பிட்ட நாட்கள் வரைக்கும்தான். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அடுத்து, வைரஸ் எந்த வாசல் வழியாக வருகிறது? வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்பார். ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-உம். இன்டர்நெட் முழுக்க இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டைத் தேடுகிற புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. உடனே மூடுங்கள். தேவையென்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக வாருங்கள்.

கிராக் சாஃப்ட்வேர் இன்னொரு வாசல். ஃபோட்டோஷாப், கோரல்டிரா கிராக் போடும்போது "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று எழுதியிருக்கும். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பரவியதே பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக் வழியாகத்தான். டிசைன் பார்க்கிற கம்ப்யூட்டரிலிருந்து கணக்கு ஃபோல்டருக்கு வழியே இருக்கக் கூடாது.

அப்புறம் அப்டேட். 2017 மே 12 அன்று வன்னாக்ரை வந்தது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாக அது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் சர்வர் இன்னும் அதில் ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, ஆன்டிவைரஸ். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் சின்ன ஆபீஸுக்கு நல்ல தொடக்கம். அதை யாரும் நிறுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்கு, தினசரி வேலை செய்பவர்களுக்கு அட்மின் லாகின் கொடுக்காதீர்கள். கடைக்கு வருகிறவர்களுக்குத் தனி கெஸ்ட் வைஃபை வையுங்கள்.

எல்லாம் மீறி மாட்டிக்கொண்டால், முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதற்றத்தில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பூட்டிய ஃபைல்களை ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் மற்றவர்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி பின்னால் வரலாம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவின்படி, கம்பெனிகள் இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் மட்டும் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்று உறுதியில்லை. நாட்பெட்யாவில் திறக்கும் வழியையே வைக்கவில்லை.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பேக்கப் டிஸ்க்கை எடுத்து, சர்வரைத் தொடாமல் வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். டேலி திறந்ததும் நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இன்றிரவே புதிதாக ஒரு பேக்கப் எடுங்கள்.