ஒரே ஊசிதான், ஒருவருக்குக் கேட்டது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை: ஏன்?

(காட்சி: கடலூர் துறைமுகம். கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு.)

வணக்கம். இந்தக் கூண்டு ஏறினால் படகை மேலே இழுத்துக் கட்ட வேண்டும் என்று தேவனாம்பட்டினத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரி, கூண்டை வருடம் முழுக்க இறக்காமலே விட்டுவிட்டால்? நிஜப் புயல் வரும் நாளில் அதை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லீரலுக்குப் போவோம்.

(காட்சி: இரண்டு பேரின் கோட்டோவியம்.)

2010ஆம் வருடம் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சக்குப்பத்தில் ஒருவர், முத்தியால்பேட்டையில் ஒருவர். இருவருக்கும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் சி, அதுவும் நாள்பட்டது. இந்த வைரஸில் பல வகை உண்டு, இருவருக்கும் இருப்பது முதல் வகை. வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, மொத்தம் 48 வாரம். காய்ச்சல், முடி கொட்டுதல், ரத்தசோகை, காரணமில்லாத மனச்சோர்வு எல்லாவற்றையும் தாங்கிய பிறகு ஒருவர் ரத்தத்தில் வைரஸே இல்லை. இன்னொருவருக்கு அப்படியே இருக்கிறது. ஊசியை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பாவம், அவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

2009இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பானிலிருந்து தனித்தனியாக வந்த ஆய்வுகள் கைகாட்டியது ஒரே இடத்தைத்தான்: 19ஆவது குரோமோசோமில், ஐஎல்28பி என்ற ஜீனுக்குப் பக்கம். அங்கே டிஎன்ஏவின் ஒரு எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது: சிலருக்கு ‘சி’, சிலருக்கு ‘டி’ (இந்த ‘சி’ வேறு, ஹெபடைட்டிஸ் சி வேறு). அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ‘சி’ வந்தவர்கள், இரண்டும் ‘டி’ ஆனவர்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு குணமானார்கள்.

எப்படி? இன்டர்ஃபெரான் வைரஸை நேராகக் கொல்வதில்லை. ‘வைரஸ் வந்துவிட்டது, தயாராகு’ என்று செல்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. ‘டி’ உள்ள பலருடைய கல்லீரலில், ஊசி போடுவதற்கு முன்பே அந்த எச்சரிக்கை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. செல்கள் அதற்குப் பழகிவிட்டன. அதான், இறக்காத கூண்டு. அதன்மேல் ஊசி போட்டு இன்னொரு கூண்டு ஏற்றி என்ன பயன்?

எனக்கு இதில் பிடித்த திருப்பம் 2013இல் வந்தது. அதே இடத்தில் ஐஎஃப்என்எல்4 என்று இன்னொரு ஜீன் ஒளிந்திருந்தது. அது வேலை செய்பவர்களுக்குத்தான் வைரஸ் போவது கஷ்டம். ஜீன் உடைந்துபோனவர்களுக்கு அதிர்ஷ்டம்! கெட்டுப்போன ஜீன் என்றாலே நோய்தான் என்ற நம் நினைப்பை இது கொஞ்சம் ஆட்டிப்பார்க்கிறது.

அப்புறம், இந்தியாவில் அதிகம் காண்பது மூன்றாம் வகை வைரஸ். அதில் இந்த எழுத்தின் செல்வாக்கு அவ்வளவு இல்லை. அதனால் அந்த ஆய்வுகளின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

(காட்சி: மாத்திரைப் பட்டை.)

பிறகு சோஃபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் மாதிரி மாத்திரைகள் வந்தன. இவை நம் செல்களிடம் எதுவும் சொல்வதில்லை. வைரஸ் தன்னைப் படியெடுக்கும் வேலையையே நிறுத்துகின்றன. கூண்டைப் பார்த்து யாராவது ஓடி வருவார்களா என்ற கவலை இல்லை. பெரும்பாலோருக்கு 12 வாரம், நூற்றில் 95 பேர் அளவுக்குக் குணம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம்.

ஹெபடைட்டிஸ் பி வேறு கதை. அதற்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை வைரஸை அடக்கும், வேரோடு பிடுங்காது. அறிக்கை நன்றாக வந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அடங்கியிருந்த வைரஸ் திரும்பக் கிளம்பும்.

ஆக, இன்று சி வைரஸோடு போனால் டாக்டர் உங்கள் ‘சி’, ‘டி’ எழுத்தைக் கேட்கப்போவதில்லை. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது, டிபிக்கோ வலிப்புக்கோ வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். அந்தச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.