டர்பனில் ஒரு பீர் ஆலை உணவகம்: குவார்ட்டர் பன்னியும் நான்கு கோப்பைகளும்

வணக்கம் நண்பர்களே. டர்பனில், தாங்களே பீர் காய்ச்சி அங்கேயே பரிமாறும் சிறிய உணவகம் ஒன்றில் அமர்ந்தபடி இதைப் பதிவு செய்கிறேன். எனக்குப் பின்னால் கண்ணாடிக்கு அப்பால் தெரியும் எவர்சில்வர் தொட்டிகளில்தான் இன்றைய பீர் உருவானது. முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும்; அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். கசப்பைத் தரும் அந்த ஹாப்ஸ், நம் தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் ஜார்ஜ் நகரை ஒட்டிய தோட்டங்களில் விளைகிறது.

ஒரே பலகையில் நான்கு சிறு கோப்பைகள் வந்தன: லாகர், வைஸ், ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), ஸ்டவுட் என நான்கு வகை பீர். கூடவே ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌவும் (ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் உணவு) கேட்டிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும் நேயர்கள் தவறாக எண்ண வேண்டாம். அங்கே குவார்ட்டர் என்றால் பாட்டில், எங்கள் ஊரில் அது கால் பங்கு ரொட்டி. ரொட்டியின் நடுவைக் குடைந்தெடுத்து, சுடச்சுடக் கறியை ஊற்றி, குடைந்த துண்டை மேலே மூடி வைத்து, துருவிய கேரட் சம்பலோடு கொடுப்பார்கள். கரண்டி கேட்டால் சிரிப்பார்கள்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று முதல் வாய்க் கறியோடு ஐபிஏவை எடுத்துவிட்டேன். மிளகாயின் காரத்தோடு ஹாப்ஸின் கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தபோது நாக்கு அணையாத அடுப்பாகிவிட்டது. காரத்தை அணைப்பதற்குப் பதிலாக, கசப்பு மிகுந்த பீர் அதை விசிறிவிடுகிறது. பிறகு வைஸுக்கு மாறினேன். கோதுமை சேர்ந்த அந்தக் கலங்கலான பீரில் ஈஸ்ட் தரும் வாழைப்பழ, கிராம்பு வாசனை நம் மசாலாவோடு உறவினர்போல் ஒட்டிக்கொண்டது. கறி வற்றி, அடிரொட்டி குழம்பில் ஊறிக் கனத்த நேரத்தில், வறுத்த தானியத்தின் மணம் வீசும் ஸ்டவுட்தான் சரியான துணை. லாகரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தாகத்துக்கு நல்லது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சோளத்திலும் மக்காச்சோளத்திலும் செய்யும் உம்கொம்போத்தி என்ற புளிப்பான பீர் இந்த மண்ணுக்கே உரியது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு டர்பன் நகராட்சி அதன் விற்பனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தனது பீர் கூடங்களில் விற்றுப் பணம் சேர்த்தது. வீட்டில் காய்ச்சிய பெண்கள் போலீஸ் சோதனைகளுக்கு ஆளானார்கள். 1959இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் அந்தக் கூடங்களுக்குள் நுழைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவ்வளவு வரலாறு கொண்ட பானத்துக்கு இந்த உணவகத்தின் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். தன் பாட்டி காய்ச்சுவதுதான் நன்றாக இருக்கும் என்றார்.

வாகனம் ஓட்டுவோருக்கு இங்கே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. அதனால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். இதோ, டாக்சி வந்துவிட்டது. கையில் இன்னும் மசாலா வாசனை போகவில்லை.