காஸ் (cos) பெருக்கினா போதுமா? படகுச் சாய்வும் நீரோட்ட அளவும்

வணக்கம். பட்டர்வொர்த்துல இருந்து ஒரு தம்பி கேட்டு அனுப்பியிருக்காரு. “ஃபைபர் படகோட பக்கவாட்டுல கம்பம் போட்டு ஏடிசிபி கட்டி, பினாங்கு நீரிணையில குறுக்க ஓட்டி நீரோட்டம் அளக்குறோம். பிட்ச் 4 டிகிரி, ரோல் 6 டிகிரி வரைக்கும் போகுது. வர்ற வேகத்தை அந்தக் கோணத்தோட காஸால பெருக்கித் திருத்துறேன். சரியா சார்?”

புதுசா வர்றவங்களுக்கு: ஏடிசிபின்னா தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி, எதிரொலியை வெச்சு ஆழத்துக்கு ஆழம் நீரோட்ட வேகத்தை அளக்குற கருவி. பிட்ச் முன்னும் பின்னுமாச் சாயறது, ரோல் பக்கவாட்டுல சாயறது. காஸ்னா கணக்குப் பாடத்து கொசைன்.

சரியில்ல தம்பி. ஆனா நல்ல தப்பு, அதான் தனியா எடுத்துப் பேசறேன்.

காஸ் 6 டிகிரி எவ்வளவு? 0.9945. நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்துல அஞ்சரை மில்லிமீட்டர். அதுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம். அதோட, கருவி எர்த் கோஆர்டினேட்ல (வடக்கு, கிழக்கு, மேல்-கீழ்னு) பதிவு பண்ணுதுன்னா சாய்வுத் திருத்தம் பெரும்பாலும் உள்ளேயே முடிஞ்சிருக்கும். டெலிடைன் கருவின்னா ஈஎக்ஸ் கட்டளையைப் பாருங்க. 11111னு இருந்தா முதல் ரெண்டும் எர்த் கோஆர்டினேட், மூணாவது ‘சாய்வைச் சேர்த்துக்கோ’, நாலாவது ‘ஒரு பீம் (கருவி அனுப்புற ஒலிக்கற்றை) கெட்டா மூணை வெச்சுக் கணக்குப் போடு’, அஞ்சாவது ‘ஆழ அடுக்கைச் சரிபண்ணு’. இதுக்கு மேல நீங்க பெருக்கினா, செஞ்ச வேலையையே இன்னொரு தடவை செய்யறீங்க.

அந்த அஞ்சாவது எண்ணைச் சாதாரணமா விட்டுடாதீங்க. பீம்கள் செங்குத்துல இருந்து 20 டிகிரி விரிஞ்சிருக்குன்னு வைங்க. படகு 5 டிகிரி சாஞ்சா ஒரு பீம் 15க்கு வந்துடும், எதிர்ப்பக்கத்து பீம் 25க்குப் போயிடும். 20 மீட்டர் ஆழத்து அடுக்குன்னு நீங்க நினைக்கிற இடத்துல, ஒண்ணு 20.6 மீட்டர்ல கேட்டுட்டு இருக்கு, இன்னொண்ணு 19.3ல. இடையில 1.3 மீட்டர். அரை மீட்டர் அடுக்கு வெச்சிருந்தா ரெண்டு அடுக்குக்கு மேல தள்ளிப் போச்சு. மேல வேகமும் கீழ மெதுவுமா ஓடுற தண்ணியில இது ரெண்டு வேற ஓட்டத்தை ஒண்ணாக் குழைக்கிற வேலை. காஸால பெருக்கி இதைப் பிரிக்க முடியாது.

அடியிலயும் நஷ்டம் உண்டு. 20 மீட்டர் தண்ணியில, சாயாதப்ப சைடுலோப் (பீமுக்கு வெளிய பக்கவாட்டுல கசியுற ஒலி) எதிரொலியால கெடுறது அடியில 1.2 மீட்டர். 25 டிகிரிக்குப் போன பீமுக்கு அது 1.9 மீட்டர். அதைக் கழிச்சுட்டுப் பாருங்க.

அதனாலதான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன், இப்பவும் சொல்றேன்: பீம் கோஆர்டினேட்ல, அதாவது ஒவ்வொரு பீமும் கண்ட வேகத்தை அப்படியே, பதிவு பண்ணுங்க. ஒவ்வொரு பிங்கையும் (ஒரு தடவை அனுப்புற ஒலி) அதோட சாய்வை வெச்சு எர்த் கோஆர்டினேட்டுக்குத் தனியாத் திருப்பிட்டு, அப்புறம் சராசரி எடுங்க. சராசரி எடுத்து வெச்சதுக்கப்புறம் சாய்வு தப்புன்னு தெரிஞ்சா ஒண்ணும் செய்ய முடியாது, மாவு கரைச்சாச்சு.

சரி, இப்ப தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வர்றேன். அந்த 6 டிகிரி நிஜமாவே 6 டிகிரியா?

கருவிக்குள்ள இருக்கிற சாய்வு சென்சாருக்கு ஈர்ப்பு விசையும் படகோட உந்தலும் வேற வேறன்னு தெரியாது. பஸ்ஸு வளைவுல திரும்பும்போது கையில இருக்கிற தே தாரிக் ஒருபக்கம் ஏறுதே, அதேதான். கப் நேராத்தான் இருக்கு, டீ சாஞ்சுட்டுது. படகு நொடிக்கு 2 மீட்டர் வேகத்துல 10 மீட்டர் ஆரத்துல திரும்பினா 0.4 மீட்டர் முடுக்கம். சென்சார் 2.3 டிகிரி பொய் சொல்லும். நின்ன படகு 5 நொடியில அதே வேகத்தைப் பிடிச்சாலும் அதே 0.4, அதே 2.3 டிகிரி. மறுபடி தே தாரிக். கரைக்குக் கரை போய்த் திரும்புறப்ப வர்ற பதிவை வெட்டிடுங்க, த்ராட்டிலை மெதுவா ஏத்துங்க. ஃபெரி அலையில ஆடிட்டே அளக்கணும்னா கைரோ சேர்ந்த மோஷன் சென்சார் வேணும். ஆனா அதை டெக்குல வெச்சா, நீரோட்டத்துல கம்பம் வளையுறது அதுக்குத் தெரியாது. கருவித் தலை இருக்கிற அதே கம்பத்துல வைக்கணும். படகு வேகத்துக்கு வைக்கிற ஜிபிஎஸ் ஆன்டெனாவும் அப்படித்தான்: 3 மீட்டர் உயரத்துல இருந்தா, நொடிக்கு 5 டிகிரி உருள்றப்ப 26 சென்டிமீட்டர் இல்லாத வேகம் காட்டும். பாட்டம் டிராக்குல (அடித்தரையோட எதிரொலியை வெச்சுப் படகு வேகம் எடுக்குற முறை) இந்தத் தொல்லை இல்ல, ஏன்னா தண்ணியையும் அடித்தரையையும் ஒரே தலைதான் பார்க்குது. அடியில சேறு நகராத இடமா இருக்கணும், அவ்வளவுதான்.

காம்பஸ் விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம். பினாங்கு காந்த நடுக்கோட்டுக்கு (காந்தப்புலம் கிடைமட்டமா இருக்கிற கோடு) பக்கம், அதனால சாய்வுத் தப்பு திசைத் தப்பா மாறுறது கம்மி. காந்தப்புலம் 60 டிகிரி கீழ்நோக்கிப் போற ஊர்ல, 1 டிகிரி சாய்வுத் தப்பு 1.7 டிகிரி வரைக்கும் திசையைத் திருப்பிடும். பாலத்துக்கு அடியில போனா மட்டும் காம்பஸை நம்பாதீங்க, இரும்பு.

கடைசியா, நிரந்தரமா ஒட்டிட்டு இருக்கிற தப்பு. சென்சார் ஜீரோ சரியில்ல, இல்ல கம்பத்துல வேற சென்சார் கோணலாப் பூட்டியிருக்கு. கண்டுபிடிக்கிறது சுலபம். தண்ணி நிக்கிற நேரமாப் பார்த்து நேர்க்கோட்டுல நொடிக்கு 2 மீட்டர்ல 5 நிமிஷம் ஓட்டுங்க, திரும்பி எதிர்த்திசையில 5 நிமிஷம். பாட்டம் டிராக்கோட செங்குத்து வேகத்தோட சராசரி பூஜ்யமா வரணும், படகு பறக்கப் போறதில்லையே. 7 சென்டிமீட்டர் வந்தா, 0.07 வகுத்தல் 2, அதாவது 0.035 ரேடியன், கிட்டத்தட்ட 2 டிகிரி பிட்ச் தப்பு. ரெண்டு ஓட்டத்துலயும் ஒரே குறியில வரும். ரோல் தப்பு இந்த ஓட்டத்துல தெரியாது, பக்கவாட்டு வேகம் இல்லையே. இன்ஜினை அணைச்சு, காத்து படகைப் பக்கவாட்டா இழுத்துட்டுப் போற மாதிரி விட்டு, அதே கணக்கைப் போடுங்க. வந்த கோணத்தை மென்பொருள்ல சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்க. 7 சென்டிமீட்டர் 14 ஆயிட்டா பதறாதீங்க, குறியை மட்டும் மாத்திப் போடுங்க.