கருக்கலைப்புக்குச் சட்டம் தரும் காலம் போதாது!

நடுவர் அவர்களுக்கும், இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

போதும் என்ற அணியில் பேசிய அண்ணாச்சி, போகிற போக்கில் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "24 வாரம், கிட்டத்தட்ட ஆறு மாசம்! அதுவரைக்கும் அந்தப் பொம்பளை தூங்கிக்கிட்டா இருந்தா?" நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசை அக்காமார்கூடத் தட்டினார்கள். ஊரில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் எழுதிவந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண், பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், பக்கத்துத் தொட்டிலில் எட்டு மாதக் கைக்குழந்தை. அது இரண்டாவது. இரண்டுமே ஆபரேஷன். பிள்ளை பெற்றதிலிருந்து மாதவிலக்கு வரவில்லை. "பால்குடி மறக்கட்டும், தானா வரும்" என்றார் மாமியார். அவர் சொன்னதில் தப்பில்லை, பால் கொடுக்கிற பலருக்கு அப்படித்தான். ஆனால் அந்த இடைவெளியிலும் கரு தங்கும்.

மயக்கம் வந்தது. ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். குமட்டல் வந்தது. தூள் நெடி என்று அவளே நினைத்துக்கொண்டாள். வயிறு மேடிட்டது. பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒருநாள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அசைந்தது. இரண்டு பெற்றவளுக்குத் தெரியாதா? தட்டை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சரி, உடனே ஓட முடிந்ததா? புருஷனுக்குக் கேரளாவில் கட்டட வேலை. அவர் வந்து சேர ஒரு வாரம். ஸ்கேனுக்குப் பணம் புரட்ட இன்னும் நாலு நாள். கடைசியில் டாக்டர் அளந்து பார்த்து 22 வாரம் என்றார். எங்கே அண்ணாச்சி தூங்கினாள்? எந்த வாரத்தில் தூங்கினாள்?

24-க்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததே என்பீர்கள். இல்லை. 1971-இல் வந்த சட்டத்தை 2021-இல் திருத்தியபோது 24 வாரத்தை எல்லாருக்கும் தரவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்பத்தின்போது விதவையானவர், விவாகரத்தானவர் என்று சிலருக்குத்தான். சிசுவுக்குப் பெரிய குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னாலோ, தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றாலோ கெடு கிடையாது. இவளுக்கு 20 வாரம்தான். அந்த 20-லும் முதல் இரண்டு வாரம் கரு உண்டாகவே இல்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு அது.

மூன்றாவது ஆபரேஷன். ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று எதிரணி எழுந்து வரும். இருக்கிறான், அவன்மேல் அவள் உயிரையே வைத்திருக்கிறாள். ஆனால் ரத்தமில்லாத அந்த உடம்பு இன்னொரு பிள்ளையைத் தாங்குமா என்று அவளிடம் யார் கேட்டார்கள்?

கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே என்கிறார்கள். 2008-இல் மும்பையில் டாக்டர் நிகில் தாதர் ஒரு தம்பதியோடு உயர் நீதிமன்றம் போனார். சிசுவின் இதயத்தில் கோளாறு, கெடு தாண்டியிருந்தது. அனுமதி கிடைக்கவில்லை. சட்டம் மாற அதற்கப்புறம் 13 வருஷம் ஆனது. டாக்டரும் வக்கீலும் துணை நின்றவர்களுக்கே இந்தக் கதி. பீடித் தட்டை வைத்துக்கொண்டு இவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னொன்று மட்டும்.

2017, சண்டிகர். பத்து வயதுச் சிறுமி. சொந்தக்காரனே செய்த கொடுமை. வயிறு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோதுதான் பெற்றவர்களுக்கே தெரிந்தது. கெடு தாண்டிவிட்டது என்று மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குள் 32 வாரம், இனி ஆபத்து என்றது மருத்துவக் குழு. அங்கேயும் மறுப்பு. ஆகஸ்டில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். வயிற்றில் கல் இருக்கிறது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பினாள்.

தாய்மார்களே, பத்து வயதுப் பிள்ளை தலை பின்னிவிட அம்மாவைத் தேடுகிற பிள்ளை. தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாத அவளிடம் போய், இத்தனை வாரம் என்ன செய்தாய் என்று உங்களில் யாருக்காவது கேட்க மனசு வருமா? நடுவர் ஐயா, அந்தப் பிள்ளைக்காகவாவது போதாது என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.