குழந்தை அழுதால் நீங்கள் ஓடுவீர்கள் என்பது உங்கள் பூனைக்கும் தெரியும்!

[காட்சி: தொட்டிலில் குழந்தை, அலமாரி உச்சியில் பூனை]

வீட்டுக்குப் புதிதாகக் குழந்தை வந்துவிட்டால் நாம் எல்லாரும் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கு அறை அலைவோம். நிஜப் பூனை மட்டும் அலமாரி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

அது தொட்டிலில் ஏறிக் குழந்தையின் மூச்சைக் குடித்துவிடும் என்று ஒரு பழைய பயம் உண்டு. சுத்தப் பொய். அதற்கு வேண்டியது கதகதப்பு, அவ்வளவுதான். ஆனால் முகத்தை ஒட்டிப் படுத்தால் பச்சைக் குழந்தையால் தள்ளிவிட முடியாது. அதனால் குழந்தை தூங்கும் அறையில் பூனைக்கு இடம் கிடையாது.

சரி, இந்த வீடியோவை நான் எடுத்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான்!

[ஒலி: பூனையின் குர்ர்ர்]

இது சொகுசாகப் படுத்திருக்கும்போது வருவது. இப்போது இதைக் கேளுங்கள்.

[ஒலி: பசித்த பூனையின் குர்ர்ர்]

ஏதோ நச்சரிப்பது போல இல்லை? 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்காம்ப் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். சாப்பாடு கேட்கும் பூனை, தாழ்ந்த குர்ர்ர் ஒலிக்குள் மெல்லிய அழுகை ஒன்றை ஒளித்து வைக்கிறது. அதன் அதிர்வெண் சுமார் 380 ஹெர்ட்ஸ். மனிதக் குழந்தையின் அழுகை 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை. அதாவது, இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் உங்களைக் கூப்பிடுகிறார்கள்!

பூனையே வளர்க்காதவர்களுக்கும் அந்த ஒலி அவசரமாகத்தான் கேட்டது. அழுகைப் பகுதியை மட்டும் நீக்கிப் போட்டுக் காட்டியதும் அவசரம் குறைந்துவிட்டது. பூனை குழந்தையைப் பார்த்துக் காப்பியடித்ததா என்றால், இல்லை. இருக்கிற ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் கிண்ணம் நிரம்புகிறது என்று கண்டுகொண்டது, அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால் இதற்கு ஒரு நடிப்பு விருது கொடுக்கலாம்.

இன்னொன்று. ஆட்கள் நிறைந்த வீட்டில் இந்த மெல்லிய ஒலி எடுபடாது, அங்கே மியாவ்தான் வேலைக்கு ஆகும் என்பது மெக்காம்பின் கணிப்பு. குழந்தை வந்த பிறகு உங்கள் பூனை அதிகம் கத்துகிறதா? பொறாமை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கிண்ணத்தைப் பாருங்கள்!

அப்புறம், குழந்தை தவழ ஆரம்பித்தால் முதல் குறி வால். பூனை வாலைப் பக்கவாட்டில் வீசி அடித்தால் அது நாய் வாலாட்டுவது போன்ற சந்தோஷம் இல்லை, எச்சரிக்கை. காதும் பின்னால் படிந்துவிட்டால் குழந்தையைத் தூக்கிவிடுங்கள், பூனையை அல்ல. அந்த நேரத்தில் பூனையைத் தூக்கினால் கீறல் உங்களுக்கு. அது தாவி ஏற உயரமாக ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். பெரும்பாலான பூனைகளுக்குச் சண்டையைவிட ஓட்டம்தான் பிடிக்கும்.

பூனையின் மணல் பெட்டி குழந்தைக்கு எட்டக் கூடாது, தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அதைக் காட்சியாக வேறு காட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் விடிகாலையில் முதலில் எழுப்புவது யார், குழந்தையா பூனையா? கமெண்டில் சொல்லுங்கள். இரண்டும் என்றால், பாவம், போய்த் தூங்குங்கள். லைக் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.