சத்தியம் செய்த பிறகு சொல்லும் பொய்

வணக்கம் நேயர்களே. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் எங்கள் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓடி வெண்கலம் வென்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை மெரியன் ஜோன்ஸ் 2008இல் சிறைக்குப் போனார், ஆறு மாதம். ஊக்கமருந்து பாவித்ததற்காக அல்ல. அதைப் பற்றியும் ஒரு காசோலை மோசடி பற்றியும் விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்காக.

சட்டத்தரணியாக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: மருந்து ஒரு குற்றச்சாட்டு, பொய் இன்னொன்று. இலங்கையிலும் நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சியம் சொன்னால் ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஆனால் அதை நிரூபிப்பது லேசான வேலை இல்லை. அமெரிக்க பேஸ்போல் வீரர் பரி பொண்ட்ஸின் வழக்கைப் பாருங்கள். 2003இல் ஊக்கமருந்து விசாரணை ஒன்றில், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் சத்தியம் செய்து, பயிற்சியாளர் தந்தது ஆளிவிதை எண்ணெயும் மூட்டுவலிக் களிம்பும் என்றே நினைத்தேன் என்றார். சொன்னது தவறு என்று காட்டினால் மட்டும் போதாது. தவறென்று தெரிந்தே சொன்னார் என்று காட்ட வேண்டும். மனதுக்குள் இருந்ததை யார் சொல்வது? அந்தப் பயிற்சியாளரோ சாட்சி சொல்ல மறுத்துத் தானே சிறைக்குப் போனார். 2011இல் பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுகளில் ஜூரர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

நீதிக்கு இடையூறு செய்தார் என்ற ஒன்றில் மட்டும் பொண்ட்ஸ் அகப்பட்டார். பயிற்சியாளர் ஊசி போட ஏதாவது தந்தாரா என்று கேட்டபோது, புகழ்பெற்ற தந்தைக்குப் பிள்ளையாக வளர்ந்த கதையைச் சொல்லியிருந்தார். அதற்கு 30 நாள் வீட்டுக்காவல், இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குற்றத்தீர்ப்பையும் ரத்துச் செய்தது. சுற்றி வளைத்த பதில் எல்லாம் குற்றமானால் எந்தச் சாட்சி கூண்டில் ஏறுவார்? மேன்முறையீட்டு நீதிமன்றம் செய்தது சரி என்பதே என் கருத்து. கேள்வியைத் திரும்பக் கேட்டுத் தெளிவாக்குவது வழக்கு நடத்துபவரின் கடமை.

சரி, சுசந்திகாவிடம் வருவோம். ஜோன்ஸின் பதக்கங்கள் பறிக்கப்பட்ட பிறகு, 2009 டிசம்பரில் ஒலிம்பிக் குழு அவரை இரண்டாம் இடத்துக்கு உயர்த்தியது. வெள்ளிப் பதக்கம் அவருடையதானது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, சிட்னி மேடையில் அவர் ஏறி நின்றது மூன்றாம் இடத்துப் படியில்தான்.